வேனுக்குள்ள வீடு ரெடி... ஆர்.சி புக்குல இடம் இருக்கா?

முப்பது செகண்ட் ரீல்ஸ். ஒரு பழைய ஆம்னி. பின் சீட்டைக் கழட்டுறாங்க, ப்ளைவுட் வெட்டுறாங்க, ட்ரில் மெஷின் சத்தம். அடுத்த ஷாட்ல மெத்தை, சீரியல் லைட், திறந்த பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை, கையில காபி. கீழ கமென்ட்ல வரிசையா ஒரே கேள்விதான்: "செலவு எவ்ளோ ப்ரோ?"

கேக்க வேண்டிய கேள்வி அது இல்லை. செலவு ரெண்டாவது, மூணாவதா வரட்டும். ராத்திரி கதவை மூடிட்டுத் தூங்கும்போது உள்ளே இருக்கிற காத்து எங்கிருந்து வருது? எந்த ஃபியூஸ் எங்க இருக்கு? நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டி நிக்கும்போது ஆர்.சி புக்குல இருக்கிற வண்டியும் எதிர்ல நிக்கிற வண்டியும் ஒண்ணா இருக்குமா? சொந்தமா கேம்பர் வேன் கட்டணும்னு ஆசைப்படுற யாரும் ப்ளைவுட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது இவ்வளவுதான்.

கேரவன் நமக்குப் புதுசா?

கேரவன்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு பேர் ஞாபகம் வருவாங்க. ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ, தேர்தல் நேரத்துல தலைவர். 1982-ல என்.டி.ராமராவ் ஒரு பழைய செவ்ரோலே வேனை மாத்திக்கட்டி 'சைதன்ய ரதம்'னு பேர் வச்சு ஆந்திரா முழுக்க சுத்தினார். ஓட்டினது மகன் ஹரிகிருஷ்ணா. சாப்பாடு, தூக்கம், பிரசாரம் எல்லாம் அதுலயேதான். தென்னிந்தியாவுக்கு மோட்டார் ஹோமை அறிமுகப்படுத்தினது ஒரு வகையில அந்த வண்டிதான்.

ஆனா நிஜமாவே வண்டியில குடித்தனம் நடத்துறவங்க வேற. திருச்செங்கோடு பக்கத்துல இருந்து கிளம்புற போர்வெல் ரிக் வண்டிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. மாசக்கணக்கா வெளி மாநிலத்துல, லாரிக்குப் பக்கத்துலயே அடுப்பு, லாரிக்குள்ளேயே படுக்கை. அவங்க யாரும் இதுக்கு 'வேன் லைஃப்'னு ஹேஷ்டேக் போடுறதில்லை.

அப்புறம் நம்ம கோயில் டூர். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, செய்யாற்றங்கரையில இருக்கு மாகறல். சம்பந்தர் பாடின திருமாகறலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். இப்படிப்பட்ட ஊர்கள்ல வேன் எடுத்துக் கிளம்பினா என்னெல்லாம் ஏறும்னு உங்களுக்கே தெரியும். பாய், தலையணை, குடம், அண்டா, புளிசாத மூட்டை. கூடவே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சிலிண்டர். மேல்மருவத்தூரோ திருப்பதியோ, வழியில மரத்தடியில வண்டியை நிறுத்தி, சமைச்சு, சாப்பிட்டு, அங்கேயே ஒரு தூக்கம் போட்டுட்டுப் போறது நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு சர்வ சாதாரணம். ரீல்ஸ்ல பாக்குறது அதே பழக்கத்தோட இன்ஸ்டாகிராம் வெர்ஷன். ஒரே ஒரு வித்தியாசம், அன்னிக்கு அடுப்பு மரத்தடியில எரிஞ்சது. இன்னிக்கு அதை வண்டிக்குள்ள ஃபிக்ஸ் பண்றோம்.

அந்த ஒரு வித்தியாசம் என்ன பண்ணும்னு 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில மதுரை பார்த்துச்சு. லக்னோவுல இருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவங்களோட ரயில் பெட்டி மதுரை ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரை வச்சு சமைக்கப் போய் தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. நகராம நின்ன பெட்டி அது, அதுக்கே அந்த கதி. எல்.பி.ஜி காத்தை விட கனமானது. கசிஞ்சா மேல ஏறிப் போகாது, தரையில தண்ணி மாதிரி தேங்கும். ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன்னு சொல்றது அதனாலதான் பத்தாது. வெளிநாட்டு மோட்டார் ஹோம்கள்ல சிலிண்டருக்குத் தனியா மூடின ஒரு அறை, அதோட அடியில வெளிய திறக்கிற ஓட்டைன்னு வச்சிருப்பாங்க. கசியிற கேஸ் ரோட்டுல இறங்கிடும். ரீல்ஸ்ல சிங்க்குக்குக் கீழே துணி மறைப்புக்குப் பின்னாடி நிக்கிற சிலிண்டருக்கு அப்படி ஒரு வழியை இதுவரை நான் பார்த்ததில்லை.

வடகரையில என்ன நடந்தது?

2024 டிசம்பர் 23 ராத்திரி, கேரள மாநிலம் வடகரையில ரோட்டோரம் நின்ன ஒரு கேரவனை மக்கள் போய்ப் பார்த்தாங்க. வண்டி ரொம்ப நேரமா அசையாம நின்னதுதான் சந்தேகம். உள்ளே ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. சவாரி முடிச்சு திரும்புற வழியில, ஏ.சி போட்டுட்டுத் தூங்க நிறுத்தின தொழிலாளிங்க. காயம் இல்லை, சண்டை இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி நிபுணர்கள் அந்த வண்டியிலயே சோதனை பண்ணிப் பார்த்தாங்க. ஏ.சி-க்காக ஓடின ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு, இடைவெளி வழியா உள்ளே வந்திருக்கு.

இது ஏதோ தற்செயல்னு விட்டுட முடியாது. ஒரு சங்கிலியா பாருங்க. தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் தகர டப்பா மாதிரி இருக்கிற வேனுக்குள்ள ஏ.சி இல்லாம தூங்க முடியாது. ஏ.சி-க்கு எக்கச்சக்கமா கரன்ட் வேணும். பேட்டரி தாங்காது. அதனால ஜெனரேட்டர். ஜெனரேட்டரை வெளியில வச்சா திருட்டு, சத்தம், மழை. அதனால வண்டியோடயே சேர்த்துக் கட்டுறாங்க. தகரத்துல எங்கயோ ஒயர் போக போட்ட ஓட்டையை அடைக்காம விட்டா, மிச்சத்தை அந்த வாயு பார்த்துக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தூங்குறவங்களுக்கு மூச்சு திணறுற உணர்வுகூட வராது, தூக்கம்தான் இன்னும் ஆழமாகும்.

இன்ஜினை ஆன்ல வச்சு கார் ஏ.சி-யில தூங்குறதும் இதே கதைதான். சைலன்ஸர்ல ஒரு துரு ஓட்டை போதும்.

அப்போ கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஒண்ணுல இருக்கிறது சுமார் 1.28 யூனிட். பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட், பத்து மணி நேரம் ஓடினா 0.3 யூனிட். எல்.இ.டி லைட் எல்லாம் சேர்த்து 0.1. லேப்டாப் 0.25. 12 வோல்ட் குட்டி ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட் பக்கம். கூட்டினா ஒரு பேட்டரிக்குள்ள அடங்கிடும். மேல 400 வாட் சோலார் போட்டா ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட் வரைக்கும் வரும். கூரையோட சூடு, படுக்க வச்ச பேனல்னு கழிச்சாலும் ஓட்டிடலாம். இப்போ ஏ.சி-யைச் சேருங்க. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி சராசரியா 600 வாட் இழுத்தாலே, எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். ஒரு ராத்திரிக்கு மட்டும் நாலு பேட்டரி. அதை அடுத்த நாள் நிரப்ப தேவைப்படுற பேனலை ஆம்னி கூரையில இல்ல, டிராவலர் கூரையில அடுக்கினாலே நெருக்கடிதான்.

அதனால நம்ம ஊர் கேம்பர் வேனுக்கு முதல் செலவு கூரை. கட்டில், கிச்சன் எல்லாம் அதுக்கப்புறம். யூடியூப்ல பாக்குற ஐரோப்பிய வீடியோவுல குளிருக்காக உள்ளே தடுப்பு போடுவாங்க. நமக்கு வெயிலை வெளியிலயே நிறுத்தணும். மேல வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட், உள்ளே தகரத்தோட ஒட்டின நைட்ரைல் ஃபோம், அதுக்கு மேல ஷீட், கூரையில சூடான காத்தை வெளிய தள்ளுற ஒரு 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன். இவ்வளவு பண்ணிட்டு, நிறுத்தும்போது புளியமர நிழல்ல நிறுத்தினா மார்கழி, தை மாசத்துல ஏ.சி பத்தி நினைக்கவே வேண்டாம். சித்திரையில? சித்திரையில ஊட்டி, ஏற்காடு பக்கம் போங்க, இல்லைன்னா வீட்டுல இருங்க. சீப்பா கிடைக்குதுன்னு தெர்மாகோலை மட்டும் சுவத்துக்குள்ள அடைச்சுடாதீங்க. தீப்பிடிச்சா உருகி ஒழுகி எரியும்.

ஒரு ஒயர், ஒரு ஃபியூஸ்

2025 அக்டோபர் 14-ல ராஜஸ்தான் ஜெய்சால்மர் பக்கத்துல ஒரு ஸ்லீப்பர் பஸ் தீப்பிடிச்சு எரிஞ்சு 20 பேருக்கு மேல இறந்தாங்க. ஏ.சி இல்லாத பஸ்ஸா பதிவாகி, பிறகு ஏ.சி பஸ்ஸா மாத்தப்பட்ட வண்டின்னு செய்திகள் வந்துச்சு. அப்படி மாத்தினப்போ இழுத்த ஒயரிங் மேலதான் சந்தேகம் திரும்புச்சு. வெளியேற வழி இல்லாததுதான் இத்தனை உயிர் போகக் காரணம். மாத்திக் கட்டின வண்டின்னாலே நினைவுல வச்சுக்க வேண்டிய சம்பவம் இது.

வீட்டு எலக்ட்ரீஷியனுக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் நடுவுல விழுற வேலை இந்த கேம்பர் வேன் ஒயரிங். வீட்டுல 230 வோல்ட். 1,000 வாட் சாமானுக்கு 4 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். அதே 1,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில இருந்து இன்வெர்ட்டர் வழியா எடுத்தா 83 ஆம்பியருக்கு மேல. வீட்டுக்கு இழுக்கிற ஒயரை இங்க போட்டா அது ஒயர் இல்லை, ஹீட்டர் காயில். இந்த இடத்துக்குக் கட்டைவிரல் தடிமன்ல காப்பர் கேபிள் வேணும், பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் இருந்தா என்னன்னு கேப்பீங்க. நடுவுல ஒயர் உரசித் தகரத்துல பட்டா, பேட்டரிக்கும் உரசின இடத்துக்கும் நடுவுல தடுக்க ஆளே இல்லையே. வண்டியில எல்லாமே ஆடும், உரசும். வீட்டுச் சுவத்துல இருபது வருஷம் தாங்குற ஒயர், தகர விளிம்புல ரப்பர் புஷ் இல்லாம போனா ரெண்டு டூருக்குத் தாங்காது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கின பழைய டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கேன்னு அதைத் தூக்கி வேன் கட்டிலுக்குக் கீழே வைக்கிறவங்க நிறைய. 150 ஆம்பியர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல கனம், அதுல பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும். எல்லாத்துக்கும் மேல, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். மூடின அறையில அதுக்கு மேல தலை வச்சுத் தூங்குறது என்ன ஐடியா பாஸ்? லித்தியம்னா இரும்பு பாஸ்பேட் வகை வாங்குங்க. ஆனா அதை நேரா ஆல்டர்னேட்டர்ல மாட்டாதீங்க. காலி லித்தியம் பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி உட்காரும். நடுவுல டி.சி-டி.சி சார்ஜர் கண்டிப்பா வேணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிக்க வேண்டிய அயிட்டம் இது.

மாகறல்ல இருந்துகிட்டே கட்ட முடியுமா?

கைவேலைன்னு பார்த்தா, தாராளமா. காஞ்சிபுரம் மாவட்டத்துல டிங்கர் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் குஷன் கடைக்கும் பஞ்சமே இல்லை. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம்னு நாட்டோட பெரிய கார் தொழிற்சாலை வளையமே இந்த மாவட்டத்துலதான் இருக்கு. பழைய பார்ட்ஸ்னா சென்னை புதுப்பேட்டை. நிறைய சாமான் ஊர்லயே வேற பேர்ல இருக்கும். உதாரணத்துக்கு, கேம்பர் வேன் சிங்க்குக்குத் தண்ணி ஏத்துற 12 வோல்ட் டயாஃப்ராம் பம்ப்பை ஆன்லைன்ல தனியா விலை போட்டு விப்பாங்க. வயலுக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்குள்ள இருக்கிறதும் அதே வகை பம்ப்தான். விவசாய சாமான் கடையில ஸ்பேரா புதுசு கேளுங்க. வீட்டுல மருந்தடிச்ச பழசைக் கழட்டி மட்டும் வச்சுடாதீங்க, அந்தத் தண்ணியிலதான் நீங்க வாய் கொப்பளிக்கப் போறீங்க.

மழைக்காலத்துல கூரை ஒழுகும், இது உறுதி. சோலாருக்கும் ஃபேனுக்கும் போட்ட ஓட்டை எல்லாம் ஐப்பசி பிறந்ததும் தன் வேலையைக் காட்டும். நம்ம கை முதல்ல போறது எம்-சீலுக்கு. அது காஞ்சதும் கல் மாதிரி ஆயிடும். வண்டி கூரையோ வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும், ரோட்டுல அதிரும். கல்லு விரிசல் விட்டுடும். பஸ் பாடி கட்டுறவங்க பயன்படுத்துற பாலியூரிதேன் சீலன்ட் ரப்பர் மாதிரி கூடவே வளையும். விலை கூடதான், ஆனா ஒரு தடவை போட்டா போதும்.

கனம் பத்தி யாரும் பேசறதே இல்லை. எட்டுக்கு நாலு, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஒரு ஷீட் சுமார் 35 கிலோ. நாலு ஷீட் போட்டா ரெண்டு ஆளு. 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. அஞ்சு பேரும் அவங்க பையும் போறதுக்குக் கட்டின வேன் அது. எல்லாத்தையும் ஒரே பக்கமா அடிச்சு வச்சா வளைவுல வண்டி என்ன பேசும்னு மலைப்பாதையில தெரிஞ்சுக்க வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி எடைமேடையில ஒரு தடவை நிறுத்திப் பாருங்க, கட்டணம் பெருசா ஒண்ணும் இருக்காது. டயரையும் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும், அவ்வளவு வயசான டயர்ல லோடு ஏத்தக் கூடாது.

இதையெல்லாம் யோசிச்சுக் கட்டின ஒருத்தர் நம்ம ஊர்லயே இருக்கார். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் அருண் பிரபு. ஒரு சரக்கு ஆட்டோவுக்கு மேல 6-க்கு 6, மொத்தம் 36 சதுர அடியில படுக்கை, கிச்சன், டாய்லெட், தண்ணி டேங்க், சோலார்னு ஒரு வீட்டையே ஏத்தினார். 'சோலோ .01'னு பேர். செலவு சுமார் ஒரு லட்சம், நிறைய பழைய சாமான். 2021-ல ஆனந்த் மஹிந்திரா ட்விட்டர்ல அதைப் பகிர்ந்து, இதே மாதிரி பொலிரோ பிக்கப்ல பண்ண முடியுமான்னு கேட்க, நாடு முழுக்க வைரல். எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வைரல் ஆனது இல்லை. அந்த வீட்டை வண்டியோட பத்தவைக்கலை, போல்ட் போட்டு மாட்டியிருந்தார். கழட்டி இறக்கினா ஆட்டோ மறுபடியும் ஆட்டோ. அந்த போல்ட்ல என்ன இருக்குன்னு சட்டத்தைப் படிச்சா புரியும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு நேரடியாவே சொல்லுது: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி-யில இருக்கிற விவரத்துக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் இதை இன்னும் இறுக்கமா உறுதி செஞ்சது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'ங்கிறதைக் கவனிங்க.

இதுல ஒரு சின்ன வாசல் இருக்கு. 'மாற்றம்'னா என்னன்னு அதே பிரிவு விளக்குது. வண்டியோட அடிப்படை அம்சமே மாறுற மாதிரி அதோட கட்டமைப்பை மாத்துறதுதான் மாற்றம். சீட்டை நிரந்தரமா பிடுங்கினா ஆர்.சி-யில எழுதியிருக்கிற இருக்கை எண்ணிக்கை பொய்யாயிடும். கூரையை வெட்டி உயர்த்தினா கட்டமைப்பே மாறிடும். ஆனா சீட்டை மடக்கிட்டு அதுக்கு மேல விரிக்கிற மடிப்புக் கட்டில், எடுத்துட்டுப் போற பவர் ஸ்டேஷன், டிக்கியில வைக்கிற கிச்சன் பெட்டி எல்லாம் சாமான் கணக்கு. வண்டியை மாத்தினதா ஆகாது.

பழைய ஆம்னி வச்சிருக்கவங்களுக்கு இது இப்போ அவசரமான சமாச்சாரம். 2019-ல ஆம்னி தயாரிப்பு நின்னுடுச்சு. ரோட்டுல ஓடுறதுல பல வண்டி 15 வருஷத்தைத் தாண்டியாச்சு. 15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு 20 வருஷம் தாண்டின காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிடுச்சு. அந்தப் புதுப்பிப்புக்கு வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கொண்டுபோய் காட்டணுமே, அன்னிக்குத்தான் ஆணியடிச்ச கட்டில் மாட்டும். மாட்டாம ஓட்டினாலும் நிம்மதி கிடையாது. விபத்துன்னு வந்தா, தங்களுக்குச் சொல்லாம வண்டியை மாத்தியிருக்கீங்கன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளைமைத் தள்ளிவிடலாம்.

கேரளாவுல இது எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்த்தோம். 2021 ஆகஸ்ட்ல 'இ புல் ஜெட்' யூடியூப் சகோதரர்களோட மாத்திக்கட்டின டிராவலர் வேனை மோட்டார் வாகனத் துறை பிடிச்சு வச்சது. கண்ணூர் ஆபீஸ்ல தகராறாகி ரெண்டு பேரும் கைதாகி ஜாமீன்ல வந்தாங்க. அடுத்த மாசமே அதே கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவிச்சுது! முரண்பாடு மாதிரி தெரியும். ஆனா அரசு வரவேற்றது கம்பெனி கட்டி, சான்றிதழ் வாங்கின கேரவனை. பட்டறையில கட்டினது அதுக்குக் கேரவனே இல்லை. 2024-ல ஆலப்புழாவுல ஒரு யூடியூபர் சஃபாரி காருக்குள்ள தார்ப்பாய் விரிச்சு நீச்சல் குளம் கட்டி, ஓடுற காரில் குளிச்சு, தண்ணி ஒழுகி, லைசென்ஸ் போனதும் நடந்துச்சு. அந்த ஆளுக்கும், அடக்கமா ஒரு கட்டில் போட்டவருக்கும் சட்டத்துல ஒரே பிரிவுதான் இருக்குங்கிறது எனக்கு நியாயமா படலை.

தமிழ்நாட்டோட 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைப் பட்டியல்ல சேர்த்திருக்கு. மத்திய அரசு விதியிலயும் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்னு ஒரு வகை இருக்கு, 2004 அறிவிக்கையில இருந்தே. மோட்டார் கேரவன் எப்படி இருக்கணும்னு ஏ.ஐ.எஸ்-124னு ஒரு தரநிலையும் இருக்கு. அதைச் சோதிச்சு சான்று கொடுக்கிற அதிகாரம் இருக்கிற ஆய்வகங்கள்ல ஒண்ணு, உலக வாகன ஆராய்ச்சி மையம், எங்க இருக்கு தெரியுமா? ஒரகடத்துல. மாகறல்ல இருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்த நடைமுறை முழுக்க, ஒரே மாதிரி வண்டியை வரிசையா கட்டி விக்கிற கம்பெனிக்காக எழுதினது. ஒரு மாடலுக்கு ஒரு தடவை சோதனை, அதே மாடல்ல பல வண்டி. தன் ஒரே வேனுக்கு ஒருத்தர் அந்தச் செலவைப் பண்ண முடியாது.

வெளியில எப்படி? ஜெர்மனியில சொந்தமா கட்டின வேனை டியூவ் மையத்துக்கு ஓட்டிட்டுப் போகலாம். உட்காரும் இடமும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம் இருக்கா, எல்லாம் உறுதியா பொருத்தியிருக்கான்னு அந்த ஒரு வண்டியைப் பார்த்து பதிவை மாத்த வழி இருக்கு. பிரிட்டன்ல போட்டோவோட விண்ணப்பம் போடணும். 2019-ல இருந்து அங்கயும் இறுக்கிட்டாங்க, வெளியில இருந்து பார்த்தாலே மோட்டார் ஹோம்னு தெரியலைன்னா பதிவுல வகையை மாத்த மாட்டாங்க. கெடுபிடி எல்லா ஊர்லயும் உண்டு. இங்க இல்லாதது, தனி ஆள் ஒருத்தர் தன் ஒரு வண்டியை எடுத்துட்டுப் போய் நிக்க எளிமையான ஒரு கவுன்டர்.

அந்தக் கவுன்டரை ஒரகடத்துலயே திறக்கலாம்கிறது என் கருத்து. கட்டில் என்ன கலர்னு பார்க்க வேண்டாம். கேஸ் எங்க இருக்கு, பேட்டரி ஃபியூஸ் இருக்கா, எடை எவ்வளவு, புகை வாசல் எது, உள்ளிருந்து திறக்கிற ரெண்டாவது வழி உண்டா. இந்த அஞ்சையும் பார்த்து, நியாயமான கட்டணம் வாங்கி, ஆர்.சி-யில ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும். இப்போ நடக்கிறது என்ன? மறைச்சுக் கட்டுறாங்க. மறைச்சுக் கட்டினதை யாரும் சோதிக்கிறதில்லை. வடகரையில ரெண்டு பேரைக் கொன்ன மாதிரி ஒரு ஓட்டை இருந்தாலும் எந்த சோதனையிலும் சிக்காது. பட்டறைக்காரரும் தன் பேரைச் சொல்ல மாட்டார், பில் கொடுக்க மாட்டார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போய்க் கேக்க ஆள் இல்லை. ரூல்ஸை விடுங்க, கட்டுங்கன்னு சொல்றவங்க பக்கம் நான் இல்லை. பொதுச் சாலையில ஓடுற வண்டி அது. எதிர்ல வர்ற டூவீலர்காரர் உங்க ப்ளைவுட் கனத்துக்கு சம்மதிச்சு வரலை.

பெருசா பாடியே கட்டணும்னா இப்போதைக்கு நேரான வழி, சேஸிஸா வாங்கி, அங்கீகாரம் உள்ள பாடி பில்டர்கிட்ட கட்டி, படிவம் 22ஏ-யோட பதிவு பண்றதுதான். கரூர் மாதிரி ஊர்கள்ல அந்தத் தொழில் தலைமுறையா நடக்குது. ஆனா அது பல லட்சம் சமாச்சாரம், ரீல்ஸ் பார்த்துட்டு இறங்குற ஆட்டம் இல்லை.

இந்த வருஷம் பொங்கல் லீவுக்குக் கிளம்பணும்னு துடிக்கிறவங்களுக்கு: சீட்டைக் கழட்டாதீங்க, மடக்குங்க. அலுமினிய சட்டத்துல மூணா மடியிற ஒரு கட்டிலை லோக்கல் ஃபேப்ரிகேஷன் கடையில சொல்லிச் செய்யுங்க. அதை ஓடும்போது பெல்ட் போட்டு இறுக்குங்க, பிரேக் அடிச்சா பறக்கும். கரன்ட்டுக்கு ஒரு ரெடிமேட் பவர் ஸ்டேஷன், காத்துக்கு ஒரு யு.எஸ்.பி ஃபேன், ஜன்னலுக்குக் காந்தம் வச்சுத் தைச்ச கொசுவலை. அடுப்பு வெளியில, மரத்தடியில, பாட்டி காலத்து மாதிரியே. ஆன்லைன்ல விக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணை வாங்கி தலைமாட்டு உயரத்துல மாட்டுங்க, ஜெனரேட்டர் இல்லாட்டியும். ஒரு சின்ன தீயணைப்பான் படுத்தபடியே கை எட்டுற இடத்துல இருக்கட்டும். ஊர் திரும்பினதும் கட்டிலை இறக்கி வச்சுட்டு சீட்டை நிமிர்த்துங்க. திங்கட்கிழமை காலையில அதே வண்டியில அம்மாவை காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்.